வீழ்ந்த இடத்திலேயே ஒரு வில்லை

இலக்கியம் பேசும் இடத்தில் காட்டுப்பன்றியின் பிணத்துக்கு என்ன வேலை என்று நண்பர்கள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். குறிஞ்சித்திணைப் பாடல்களில் தோய்ந்தவர்கள் அவ்வாறு கேட்கமாட்டார்கள் என்பது நம் நம்பிக்கை. தினைப்புனமும் பரணும் இரவுக்காவலும், தட்டை தழல் கவண் முதலிய கருவிகளும் நம் இலக்கியத்தின் பழைய உடைமைகள். விளைந்ததைத் தின்ன வரும் விலங்குக்கும் அதை விளைவித்தவனுக்கும் இடையேயான வழக்கு அன்று தொடங்கி இன்றுவரை தீர்ப்பின்றிக் கிடக்கிறது. நற்றிணையில் ஒரு காட்சி உண்டு. தினையை மேய வரும் பன்றிக்காகப் புனத்துக்காரன் பெருங்கல்லால் அடார் என்னும் பொறி வைக்கிறான். அதில் புலி வந்து படுகிறது. ஒன்றுக்கு வைத்த பொறி இன்னொன்றைக் கொல்லும் என்பதை அக்காலத்துப் புலவனே கண்டிருக்கிறான். நாம் இங்கே சொல்ல வருவதும் அதிலிருந்து வெகுதூரம் போவதில்லை.

விருதுநகர் மாவட்டத்து வெம்பக்கோட்டை வட்டத்திலுள்ள தாயில்பட்டியை வெளியூரார் பட்டாசை வைத்தே அறிவர். பட்டாசுக் கொட்டகைகளுக்கு இடையே கிடக்கும் நிலத்தை அவர்கள் கவனிப்பதில்லை. அது கரிசல். வானம் பார்த்த பூமி. மழை தயவு வைத்தால் மக்காச்சோளம், பருத்தி, பயறு வகைகள். வைக்காவிட்டால் தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் கூலி வேலை. கண்மாய்களிலும் ஓடைகளிலும் வைப்பாற்றுப் படுகையிலும் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது. காட்டுப்பன்றி வாழ்வதற்கு மலையும் சோலையும் கட்டாயமில்லை. பகலில் ஒதுங்க ஒரு கருவேலம் புதரும், இரவில் மேய ஒரு சோளக்காடும், பக்கத்தில் கொஞ்சம் சேறும் இருந்தால் போதும். கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் ஒரு கூட்டம் உள்ளே புகுந்தால் தின்பதைக் காட்டிலும் சாய்ப்பதே அதிகம். விவசாயி வீட்டிலுள்ள பழைய சேலைகளையெல்லாம் வரப்போரம் வேலியாகக் கட்டுகிறார். இரவெல்லாம் தகரம் தட்டுகிறார். வெடி கொளுத்திப் போடுகிறார். சில நாள் அஞ்சும் பன்றி பிறகு ஓசைக்குப் பழகிவிடுகிறது. வட்டிக்கு வாங்கி விதைத்தவனுக்குப் பன்றியின் மீது இரக்கம் கொள்ளும்படி உபதேசம் செய்ய நமக்கு உரிமையில்லை, செய்யப்போவதுமில்லை.

இந்தக் கூக்குரல் ஒருவழியாகச் செவியில் ஏறியது. 2025 ஜனவரியில் தமிழக அரசு ஓர் ஏற்பாட்டை அறிவித்தது. காப்புக்காட்டின் எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் காட்டுப்பன்றியைச் சுடக்கூடாது. ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டர் வரையில் பிடித்து மீண்டும் காட்டில் விட வேண்டும். மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வந்து பயிரழிக்கும் பன்றியை வனத்துறையினர் சுடலாம். நம் பகுதிக்கு அருகிலுள்ள பெருங்காடு 2021-இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம். மலையடிவாரத்து ஊர்கள் முதல் இரண்டு கோடுகளுக்குள் வரும். தாயில்பட்டி, சாத்தூர்ப் பக்கத்துக் கரிசல் ஊர்களோ மூன்றாவது கோட்டையும் தாண்டி வெகுதொலைவில் இருப்பவை. ஆகவே சுடுதலுக்கு உட்பட்டவை.

இந்த ஆணை சரியா தவறா என்று வழக்காட நாம் வரவில்லை. விவசாயிகள் சங்கங்கள் போதாது என்கின்றன. உயிர்நேயர்கள் கூடாது என்கின்றனர். இருசாராருமே கிலோமீட்டர்க் கணக்கிலேயே நின்றுவிடுகின்றனர். சுட்ட பிறகு என்ன என்ற கேள்விக்கு இருபக்கமும் போதிய அக்கறை இல்லை. நமக்கோ அதுவே தலைக்கேள்வியாகப் படுகிறது. உயிருள்ள பன்றி எங்கே நிற்கிறது என்பதைக் கண்ணால் காணலாம். செத்த பன்றி எங்கே செத்தது என்பதை அது சொல்லாது. முக்கால் கிலோமீட்டரில் வீழ்ந்ததை டிராக்டரில் ஏற்றி நான்காவது கிலோமீட்டரில் இறக்கிவிட்டால் சட்டப்படி எல்லாம் முறையாகவே நடந்ததாகிவிடும். சுருக்குக் கம்பியில் செத்ததும், மின்வேலியில் செத்ததும், வனத்துறைத் துப்பாக்கியில் செத்ததும் வண்டியில் ஏறிய பின் ஒரே கறிதான். இடத்தை அடிப்படையாகக் கொண்ட சட்டம், இடத்துக்குச் சான்று கேட்காவிட்டால் வெறும் பேச்சாகவே நிற்கும்.

ஆகவே நாம் முன்வைக்கும் கருத்து எளியது. அரசின் பெயரால் கொல்லப்படும் ஒவ்வொரு பெருவிலங்கின் உடலிலும், அது வீழ்ந்த இடத்திலேயே, அதை ஓரடி நகர்த்துவதற்கு முன்பே, எண்ணிட்ட ஒரு வில்லை பூட்டப்பட வேண்டும். பூட்டினால் கழற்ற முடியாத வில்லை. கழற்றினால் உடைந்துபோகும் வில்லை.

இது நம் கற்பனை அன்று. வேட்டை இன்றும் சட்டபூர்வமாக இருக்கும் நாடுகளில் இதுவே அடிப்படை ஒழுங்கு. வட அமெரிக்காவில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் சந்தைக்காக வேட்டையாடியவர்கள் காட்டெருமையை அழிவின் விளிம்புக்குத் தள்ளினார்கள். கோடிக்கணக்கில் பறந்த பயணிப்புறா அடியோடு அழிந்து, கடைசிப் பறவை 1914-இல் சின்சினாட்டி விலங்குக்காட்சி சாலையில் இறந்தது. அந்தப் பாடத்திலிருந்து பிறந்தவையே அங்கே பருவக் கட்டுப்பாடும், ஆளுக்கு இத்தனை என்ற வரம்பும், அந்த வரம்பைக் காக்கும் வில்லையும். பல மாநிலங்களில் மான் வேட்டைக்கு உரிமம் வாங்குபவருக்கு உரிமத்தோடு வில்லையும் தரப்படும். மான் வீழ்ந்தவுடன் அதில் நாளையும் மாதத்தையும் குறித்து அல்லது வெட்டிக் காட்டி, காதிலோ கொம்பிலோ காலிலோ கட்டிய பின்புதான் உடலை அங்கிருந்து எடுக்கலாம். இன்று சில இடங்களில் இதைக் கைபேசி வழியே செய்கிறார்கள். கருவி எதுவாயினும் நோக்கம் ஒன்று: ஓர் அனுமதிக்கு ஓர் உயிர். வில்லை இல்லாவிட்டால் ஒரே உரிமச்சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பத்து மான்களைச் சுடலாம். வழியில் எவர் மறித்தாலும் இதுதான் முதலாவது என்று சொல்லிவிடலாம்.

ஜெர்மனியில் சுடப்படும் காட்டுப்பன்றிக்கு எண்ணிட்ட வில்லையும் பிறப்பிடச் சீட்டும் உண்டு. அதன் தசையில் ட்ரைக்கினெல்லா என்னும் புழு உள்ளதா என்று ஆய்வு முடிந்த பின்பே கறி அடுப்புக்குப் போகலாம். மாதிரித் தசை ஆய்வுக்கூடத்திலும் உடல் கிடங்கிலுமாகப் பிரிந்து கிடக்கையில் இரண்டையும் இணைப்பது அந்த எண் ஒன்றே. ஆப்பிரிக்க நாடுகள் சிலவற்றிலிருந்து வேட்டைச்சின்னமாக வெளியேறும் சிறுத்தைத் தோலுக்கு அழிநிலை உயிரினங்களின் வணிகம் பற்றிய சைட்டீஸ் ஒப்பந்தம் விதித்திருப்பதும் இதுவே. எந்த நாடு, எந்த ஆண்டு, அவ்வாண்டின் வரம்பில் எத்தனையாவது தோல் என்ற மூன்றும் பொறித்த, தானே பூட்டிக்கொள்ளும் வில்லை ஒவ்வொரு தோலிலும் இருக்க வேண்டும்.

அயல்நாட்டுக் கதை நமக்கெதற்கு என்பவர்கள் தம் ஊர்த் தொழுவத்தை எட்டிப் பார்க்கட்டும். பசுவின் காதில் மஞ்சள் நிறத்தில் ஒரு வில்லை தொங்குகிறது. அதில் பன்னிரண்டு இலக்க எண். கால்நடை மருத்துவர் பூட்டிவிட்டுப் போனது. தடுப்பூசியும் சினை ஊசியும் அந்த எண்ணில் பதிவாகின்றன. காப்பீடு செய்த மாடு இறந்தால் காது வில்லையைக் காட்டாமல் இழப்பீடு பெற முடியாது என்பது எழுத்தறியாத பாட்டிக்கும் தெரியும். வனத்துறையையே எடுத்துக்கொள்வோம். வெட்டப்பட்ட மரத்தின் மீது சுத்தியல் முத்திரை இடுவதும், வழிச்சீட்டு இல்லாத மரத்தை மடக்குவதும் அத்துறையின் நூற்றாண்டு வழக்கம். விழுந்த மரத்துக்கு எண் போடத் தெரிந்த துறைக்கு விழுந்த விலங்குக்கு எண் போடுவது பாரமாகிவிடாது.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் பார்த்துவிடுவோம். 1972-ஆம் ஆண்டின் வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தபோது வேட்டையை முற்றிலும் தடைசெய்யவில்லை. பெருவிலங்கு வேட்டை உரிமம், சிறுவிலங்கு வேட்டை உரிமம் என வகை பிரித்து உரிமங்கள் வழங்க அதன் 9-ஆம் பிரிவு இடம் தந்தது. அதற்கடுத்த 10-ஆம் பிரிவு, உரிமம் பெற்றவர் தாம் கொன்ற, காயப்படுத்திய, பிடித்த விலங்குகளுக்குப் பதிவேடு வைக்க வேண்டும் என்றும், குறித்த நாட்களுக்குள் அதை எழுத்து மூலம் அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் விதித்தது. காயப்படுத்தியதையும் சேர்த்தே அச்சட்டம் கேட்டது என்பதை நண்பர்கள் கவனிக்க வேண்டும். 1991-இல் வந்த திருத்தம் உரிம வேட்டையை ஒழித்தது. அதோடு 10-ஆம் பிரிவும் நீங்கியது. வேட்டையே இல்லாதபோது வேட்டைப் பதிவேடு எதற்கு என்பது அன்றைக்கு நியாயமான சிந்தனை.

ஆனால் கொல்லுதல் நின்றுவிடவில்லை. மனித உயிருக்கோ, நிற்கும் பயிர் உள்ளிட்ட உடைமைக்கோ ஆபத்து விளைவிக்கும் விலங்கைக் கொல்ல 11-ஆம் பிரிவு அனுமதிக்கிறது. 62-ஆம் பிரிவின்படி ஒரு விலங்கை ஒரு பகுதியில் குறிப்பிட்ட காலத்துக்குத் தீங்குயிர் என்று மத்திய அரசு அறிவிக்கலாம். பீகாரில் நீலான், காட்டுப்பன்றி ஆகியவற்றையும் உத்தராகண்டில் காட்டுப்பன்றியையும் 2015, 2016 ஆண்டுகளில் அவ்வாறு அறிவித்தார்கள். 2016 ஜூனில் பீகாரின் மொகாமாவில் இருநூறுக்கும் மேற்பட்ட நீலான்கள் சுடப்பட்டபோது மத்திய அமைச்சரவைக்குள்ளேயே சொற்போர் மூண்டது நினைவிருக்கலாம். கேரளத்தில் 2022 முதல் ஊராட்சித் தலைவர்களே பன்றியைச் சுட உத்தரவிடலாம். ஆக, 1991-இல் வாயிலை அடைத்த சட்டம், பக்கத்துக் கதவு வழியே கொல்லுதலை உள்ளே விட்டுக்கொண்டிருக்கிறது. உடன் வரவேண்டிய கணக்குப்புத்தகம் மட்டும் வெளியிலேயே நின்றுவிட்டது.

இதில் இன்னொரு விந்தையும் உண்டு. அதே சட்டத்தின் 39-ஆம் பிரிவின்படி, 11-ஆம் பிரிவின் கீழ் கொல்லப்படும் விலங்கு அரசின் சொத்து. அரசு அலுவலகத்தில் உடைந்த நாற்காலியின் முதுகிலும் ஓர் எண் எழுதப்பட்டிருக்கும். ஆண்டுதோறும் ஒருவர் வந்து அதைச் சரிபார்ப்பார். சோளக்காட்டில் விழுந்து கிடக்கும் அரசுச் சொத்துக்கு அந்த மரியாதையும் வேண்டாமா? பழைய தோல், கொம்பு, பாடம்செய்த தலை ஆகியவற்றை வைத்திருப்பவர் அறிக்கை செய்ய வேண்டும், அதிகாரி பார்வையிட்டு அவற்றின் மீது அடையாளக் குறி இட வேண்டும் என்று இச்சட்டத்திலேயே 40, 41-ஆம் பிரிவுகள் கூறுகின்றன. தாத்தா சுட்ட மானின் கொம்புக்கு அடையாளக் குறி வேண்டும் என்ற சட்டம் நேற்று இரவு சுட்ட பன்றிக்கும் அதைக் கேட்பதே முறை.

இவையெல்லாம் எந்த ஊருக்கும் பொருந்தும் நியாயங்கள். தாயில்பட்டியை முன்னிறுத்தி நாம் எழுதுவதற்குத் தனிக்காரணம் ஒன்று உண்டு. அது அவுட்டுக்காய்.

பன்றியைக் கொல்வதற்கென்று பழத்திலோ தின்பண்டத்திலோ வெடிமருந்தைப் பொதிந்து வைக்கும் நாட்டு வெடியை மேற்குத் தமிழகத்தார் அவுட்டுக்காய் என்பர். கடித்த விலங்கின் தாடை சிதறும். பன்றிக்கு வைத்ததை மாடு கடிக்கும், நாய் கடிக்கும், யானை கடிக்கும். 2020 மே மாதத்தில் கேரளத்துப் பாலக்காடு மாவட்டத்தில் சினையானை ஒன்று வாய் சிதைந்து ஆற்று நீரில் நின்றபடியே உயிர்விட்டதை உலகமே பார்த்தது. பன்றிக்கு வைத்த அடாரில் புலி பட்ட நற்றிணைக் காட்சி இன்று வெடிமருந்து பூசிக்கொண்டு நிற்கிறது. மின்வேலியும் அவ்வாறே. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டத்தில் மூன்று யானைகள் ஒரே வேலியில் மின்சாரம் பாய்ந்து மாண்டன.

அவுட்டுக்காய் வைப்பவனுக்கும் கம்பி வைப்பவனுக்கும் இதுவரை ஒரு தொல்லை இருந்தது. காட்டுப்பன்றிக் கறி எவர் வீட்டில் இருந்தாலும் அது குற்றத்தின் சான்று. இனி அரசே சுடுகிறது என்று ஊரெல்லாம் தெரிந்த பின், இது அவர்கள் சுட்டது என்ற ஒற்றைப் பதில் போதும். எண்ணில்லாத சட்டபூர்வப் பிணம், சட்டவிரோதப் பிணத்துக்குப் போர்வையாகும். வில்லை பூட்டிய உடல்கள் மட்டுமே முறையானவை என்றாகிவிட்டால், வில்லையில்லாத ஒவ்வொரு கிலோ கறியும் தானே தன்னைக் காட்டிக்கொடுக்கும். சுட அனுமதிப்பதால் கள்ள வேட்டை குறையுமா கூடுமா என்ற கேள்விக்கு விடை இந்தச் சிறு வில்லையில்தான் இருக்கிறது.

பட்டாசு பூமிக்காரர்களுக்கு இதைப் புரியவைக்க நாம் அதிகம் முயல வேண்டியதில்லை. கணக்கில் வராத மருந்து என்ன செய்யும் என்பதை அவர்களைப்போல் அறிந்தவர் எவருமில்லை. இந்த அறையில் இத்தனை பேர், இத்தனை கிலோ மருந்து என்று ஒவ்வொரு கொட்டகைச் சுவரிலும் எழுதியிருக்கும். வெடிபொருள் விதிகள் கையிருப்புக்கும் விற்பனைக்கும் ஏடு வைக்கச் சொல்கின்றன. பசுமைப் பட்டாசு வந்த பின் பெட்டியில் சிறு சதுரக் குறியீடும் அச்சாகிறது. இந்த எண்களையெல்லாம் தொல்லை என்று அலுத்துக்கொள்வோர் உண்டு. 2012 செப்டம்பரில் முதலிப்பட்டியில் சுமார் 40 பேரும், 2021 பிப்ரவரியில் அச்சன்குளத்தில் சுமார் 20 பேரும் மாண்டார்கள். அதே 2021 ஜூனில் தாயில்பட்டியிலேயே வீட்டில் பட்டாசு தயாரித்தபோது நேர்ந்த வெடிப்பு உயிர்களைக் கொண்டுபோயிற்று. இத்தகைய விபத்துகளின் விசாரணைகளில் திரும்பத் திரும்ப வருபவை மூன்று: எழுதிய எண்ணிக்கைக்கு மேல் ஆட்கள், எழுதிய அளவுக்கு மேல் மருந்து, எழுதிய பெயர் ஒன்றிருக்க வேலை நடத்துபவர் வேறொருவர். சுவரில் இருக்கும் எண்ணுக்கும் அறையில் இருக்கும் உண்மைக்கும் இடையே உள்ள இடைவெளியில்தான் இங்கே மனிதர்கள் சாகிறார்கள். துப்பாக்கி மருந்தும் மருந்துதான். அது வெடித்ததற்கும் கணக்கு வேண்டும்.

எதிர்வாதங்களையும் நேர்மையாக எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, விவசாயியின் வாதம். பயிர் போகிறதே என்று கதறினால் வில்லை, ஏடு என்று இன்னும் தாமதப்படுத்துகிறீர்களே என்பார். நாம் கேட்பது சுடுவதற்கு முன் செய்யவேண்டிய ஒன்றையன்று. சுட்ட பின் இரண்டு நிமிட வேலை. மேலும் வில்லையால் முதல் பயன் அவருக்கே. இப்பருவத்தில் இவ்வூரில் இத்தனை பன்றி விழுந்தது, இத்தனை ஏக்கர் தப்பியது என்ற கணக்கு இருந்தால்தான் சுடுவது பயனளிக்கிறதா என்று தெரியும். பன்றி ஓர் ஈற்றில் பல குட்டிகள் போடும் விலங்கு. கிழட்டு ஆண்களை மட்டும் சுட்டுக்கொண்டிருந்தால் அடுத்த ஆண்டும் அதே கூட்டம் அதே சோளக்காட்டில் நிற்கும். விழுந்தது ஆணா பெண்ணா, குட்டியா முதிர்ந்ததா என்று குறிக்காமல் அதை அறிய வழியில்லை. சுட்டும் பயனில்லை என்று நாளை ஓர் அதிகாரி திட்டத்தை மூட வந்தால், அவர்முன் வைக்க விவசாயியிடம் என்ன இருக்கும்?

இரண்டாவது, உயிர்நேயரின் வாதம். வில்லை பூட்டி ஒழுங்குபடுத்துவது கொலைக்கு மரியாதை தேடித்தருவதாகும் என்பர். இந்த வாதத்தின் கூர்மையை நாம் மதிக்கிறோம். ஆயினும் ஆணை வந்துவிட்டது. துப்பாக்கி கையில் இருக்கிறது. எண்ணப்படாத சாவைக் காட்டிலும் எண்ணப்பட்ட சாவையே எதிர்த்துப் போராட முடியும். எத்தனை என்று தெரியாத ஒன்றை நிறுத்துங்கள் என்று எந்த நீதிமன்றத்தில் சொல்வது?

மூன்றாவது, ஊழியரின் வாதம். ஒரு வனக்காப்பாளருக்குப் பரந்த எல்லை. இரவில் சுட்டு, விடியலில் புதைத்து, நடுவில் ஏடும் எழுத வேண்டுமா என்பார். நியாயம்தான். ஆனால் அவருக்கும் இது கவசம். வரம்பு மீறிச் சுட்டார், கறியை விற்றார் என்று எவரேனும் பழி சுமத்தினால் அவரைக் காப்பது அந்த எண்ணும் அதற்குரிய அடிக்கட்டையும்தான்.

நான்காவது வாதம் ஒன்றுண்டு. அதை எவரும் உரக்கச் சொல்வதில்லை. வில்லை மட்டும் ஏமாற்றாதா என்பதே அது. ஏமாற்றும். காகிதம் இருக்கும் இடமெல்லாம் கள்ளக் காகிதமும் இருக்கும். ஆனால் வில்லையில்லாத ஏற்பாட்டில் பொய் சொல்ல ஒருவர் போதும். வரிசை எண்ணிட்ட வில்லை, அதன் அடிக்கட்டை, இடமும் நேரமும் காட்டும் படம், ஊராரின் சாட்சி என்று வந்துவிட்டால் நான்கு பேர் சேர்ந்து ஒரே பொய்யைச் சொல்ல வேண்டும். நான்கு பேர் ஒரே பொய்யைக் காப்பாற்றுவது நம் ஊரில் அவ்வளவு எளிதன்று.

நோயைப் பற்றியும் ஒரு சொல். ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சல் 2020-இல் இந்தியாவின் வடகிழக்கில் தலைகாட்டியது. 2023-இன் தொடக்கத்தில் முதுமலையில் காட்டுப்பன்றிகள் மடிந்ததற்கும் அதுவே காரணம் என்று கண்டறியப்பட்டது. மனிதருக்கு அது தொற்றாது. வளர்ப்புப் பன்றிகளையோ பட்டியோடு அழித்துவிடும். பன்றி வளர்த்துப் பிழைக்கும் ஏழைக் குடும்பங்கள் நம் மாவட்டத்திலும் உண்டு. சுடப்படும் ஒவ்வொரு பன்றியிலிருந்தும் சிறிது இரத்தம் எடுத்து அனுப்பினால் நோய் வருமுன் எச்சரிக்கை கிடைக்கும். இரத்தக் குப்பி எந்த உடலிலிருந்து வந்தது, எந்த ஊரில் விழுந்தது என்பதைச் சொல்ல எண் இல்லாவிட்டால் அந்த எச்சரிக்கை எந்த ஊருக்கு என்று யார் சொல்வார்?

எப்படிச் செய்யலாம்? நமக்குத் தோன்றியவற்றைச் சொல்கிறோம், அனுபவமுள்ளோர் திருத்தட்டும். சுடுவதற்கான ஒவ்வோர் உத்தரவோடும் வரிசை எண்ணிட்ட வில்லைகள் எண்ணிக் கொடுக்கப்பட வேண்டும்; உத்தரவில் ஐந்து பன்றி என்றால் ஐந்து வில்லை, ஆறாவது இல்லை. விலங்கு வீழ்ந்தவுடன் பின்னங்கால் நரம்பினூடே வில்லையைப் பூட்டி, இடமும் நேரமும் பதியும் படம் எடுக்க வேண்டும். நாள், சர்வே எண், பால், ஏறத்தாழ எடை, சுட்டவர் பெயர் ஆகியவை அடிக்கட்டையில் ஏற வேண்டும். குண்டு பட்டு ஓடி மறைந்த விலங்குக்கும் ஒரு வரி எழுத வேண்டும். 1972-இன் சட்டம் கேட்டது அது. பயன்படாத வில்லைகள் திரும்பி வந்து எண்ணிப் பார்க்கப்பட வேண்டும். புதைக்கும்போது வில்லை உடலோடு குழிக்குள் போகட்டும். அடிக்கட்டை அலுவலகத்தில் நிற்கட்டும். இறுதியாக, பட்டியல் ஊராட்சி அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டுக் கிராமசபையில் வாசிக்கப்பட வேண்டும். குடியரசு நாள், மே தினம், விடுதலை நாள், காந்தி பிறந்தநாள் என்று ஆண்டில் பலமுறை கூடும் சபை அது. தெருவிளக்கும் குடிநீரும் பேசப்படும் இடத்தில் பன்றிக்கும் ஐந்து நிமிடம் ஒதுக்கலாம்.

நீலகிரியில் வேட்டை மோகம் பிடித்த வெள்ளைக்காரர்களே, இப்படியே சுட்டுக்கொண்டிருந்தால் நாளை சுட ஒன்றும் மிஞ்சாது என்று அஞ்சி 1877-இல் சங்கம் கூட்டினார்கள். 1879-இல் அம்மலைக்கென்று தனிச் சட்டமே வந்தது. அவர்களுடைய நோக்கம் சுயநலம். ஆனாலும் கட்டுப்பாடில்லாத துப்பாக்கி தன் விளையாட்டையே கெடுக்கும் என்ற அளவுக்கு அவர்களுக்குக் கணக்குத் தெரிந்திருந்தது.

நமக்கும் கணக்கு புதிதன்று. பொழுதுபோக்குக்குக் கொன்றவர்களைப் பற்றி நம் முன்னோர் என்ன எழுதினார்கள் என்பதை விடுங்கள். விலங்கோடு பொருது மாண்டவர்களுக்கு அவர்கள் கல் நட்டார்கள். புலிகுத்திப்பட்டான் கல், பன்றிகுத்திப்பட்டான் கல் என்று வடதமிழகத்து ஊர்களில் இன்றும் அவை நிற்கின்றன. செங்கம் பகுதி நடுகற்களைப் படித்தால் எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, எந்த ஊர், யார் வீழ்ந்தான் என்ற விவரங்கள் வரிசையாக வருகின்றன. எடுத்தனூர்க் கல்லில், தலைவனோடு நின்று கள்வரை எதிர்த்த நாய்க்கும் கோவிவன் என்று பெயர் பொறித்திருக்கிறார்கள். காலம், இடம், பெயர் என்ற மூன்றையும் ஒரு சாவுக்குத் தரவேண்டும் என்பது கல்லில் வெட்டிய பழக்கம் நமக்கு. பன்றிக்குக் கல் நடச் சொல்லவில்லை. நாள், இடம், எண் என்ற மூன்றும் கொண்ட ஒரு துண்டு வில்லையைத்தான் கேட்கிறோம்.

அடுத்த கிராமசபைக்குப் போகும் நண்பர்கள், குறிப்பாக வெம்பக்கோட்டை, சாத்தூர், சிவகாசி வட்டத்து நண்பர்கள், ஒரு தீர்மானத்தை எழுதி எடுத்துச் செல்லுங்கள். நம் ஊர் எல்லையில் சுடப்படும் ஒவ்வொரு காட்டுப்பன்றிக்கும் வீழ்ந்த இடத்திலேயே எண்ணிட்ட வில்லை பூட்டப்பட வேண்டும், பட்டியல் இச்சபையில் வாசிக்கப்பட வேண்டும் என்று இரண்டே வரிகள் போதும். சோளக்காட்டுக்காரரும் அதில் கையெழுத்திடலாம், பன்றிக்காக வருந்துபவரும் இடலாம். இருவரும் சேர்ந்து கையெழுத்திடக்கூடிய காகிதம் இந்த வழக்கில் வேறெதுவும் நம் கண்ணில் படவில்லை.